அமராவதி போட்ட பூட்டு

கடலூர் முதுநகரில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் துணிக் கிடங்கு ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் அதைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்துகூட வேனில் வருகிறார்கள். சுவரைத் தடவிப் பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் அமராவதியின் ஓட்டு வீடு. படத்தில் விழுகிறதென்று கொடியில் காயும் புடவையை எடுக்கச் சொல்வார்கள்.

அமராவதி தள்ளுவண்டியில் மீன் விற்பவர். கணவர் ஆரோக்கியராஜுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போய்விட்டது. வீட்டில் கழிப்பறை கிடையாது. கிடங்குக்குப் பக்கத்தில் எது கட்டவும் தொல்லியல் அலுவலக அனுமதி வேண்டும். மூன்று வருடம் மனு கொடுத்தார். "கிடங்கோட அழகு கெட்டுடும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். விடியுமுன் கணவரை மீன் வண்டியில் உட்காரவைத்து ஜங்ஷன் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்.

போன மாதம் அதே அலுவலகம், பார்வையாளர்களுக்கென்று அவர் வாசலுக்கு எதிரிலேயே ஒரு கழிப்பறை கட்டியது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி காவலாளி கதிர்வேலிடம்.

"இப்ப அழகு கெடலியா கதிர்வேலு?"

"நா என்னாக்கா பண்றது? விசிட்டருக்குத்தான் தொறக்கணும்னு ஆர்டரு."

"ஒங்க மாமாவும் விசிட்டர்தான்டா. டெய்லி அந்தச் செவுத்ததான் பாத்துக்கினு கெடக்குறாரு."

கதிர்வேல் சிரித்தான். சாவி தரவில்லை.

அந்த வாரம் மழையில் வண்டி சரிந்து ஆரோக்கியராஜ் நடுத்தெருச் சேற்றில் விழுந்தார். தெருவே பார்த்தது. அன்றிலிருந்து ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார். சாப்பிட்டால்தானே காலையில் போக வேண்டும்.

அமராவதி பொறுத்தது அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் கழிப்பறைக் கதவில், இருந்த பூட்டோடு தன் மீன் பெட்டிப் பூட்டையும் சேர்த்து மாட்டினார்.

மறுநாள் வேன் வந்தது. இறங்கியதும் பாதிப் பேர் கழிப்பறைக்குத்தான் ஓடினார்கள். அவர்களைச் சுற்றிக்காட்டக் கூட்டி வந்த தேவசகாயம் கத்தினார்.

"யாரும்மா இத பூட்டுனது?"

"நாந்தான். மனு எழுதிக் குடுங்க சார். மூணு வருசத்துல பாத்து சொல்றேன்."

"வெளாடாதம்மா. லேடீஸ் இருக்காங்க, வயசானவங்க இருக்காங்க."

"எங்கூட்லயும் ஒருத்தரு இருக்காரு. ஜங்ஷன் அப்டியே நேரா போனா வரும். வண்டி வேணுன்னா எடுத்துக்குங்க, மீன் கவுச்சி அடிக்கும்."

தேவசகாயம் அலுவலகத்துக்கு போன் போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. "கதிர்வேலு அவன் சாவிய எங்கிட்ட குடுக்கட்டும், தொறக்குறேன்" என்றார் அமராவதி. வரிசையில் நின்ற ஓர் அம்மாள் கதிர்வேலைப் பார்த்து, "சாவிய அவங்ககிட்ட குடுத்துத் தொலைப்பா" என்று சீறினார். கதிர்வேல் கொடுத்தான்.

இரண்டு பூட்டையும் திறந்த அமராவதி வழிவிடவில்லை.

"மொதல்ல அவரு."

கணவரைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தார். வரிசை காத்திருந்தது.

சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. திருப்பித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆரோக்கியராஜ் இப்போது ராத்திரியில் சோறு சாப்பிடுகிறார்.