நன்றியுரை முடியும்வரை

"பிரேசில்... பிரேசில்... ஹலோ, பிரேசில்."

காலை நேரத்தில், இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைக் கடைவீதியில் இப்படி ஒரு குரல் முழங்கினால் வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். சூசைரட்ணம் மைக் சரிபார்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சோதிப்பது அவருக்குப் பிடிக்காது. "நம்பரச் சொன்னா ஒன்னும் தெரியாதுங்க. நாட்டுப் பேரச் சொன்னாத்தான் மைக்கோட கொணம் தெரியும்" என்பார். பிரேசில் என்றால் 'ப' வெடிக்கிறதா என்று தெரியும். சுவிட்சர்லாந்து என்றால் சீறுகிறதா என்று தெரியும். அடிக்குரலுக்கு உகண்டா. எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடைசியில் "இந்தியா" என்பார். அது சோதனைக்கல்ல, ஒரு மரியாதைக்கு.

கடையின் பெயர் 'ஜெனுஷா சவுண்ட் சேர்விஸ்'. ஜெனுஷா அவருடைய ஒரே மகள். ஹட்டனில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சத்தம் என்றாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். மாரியம்மன் திருவிழா, அந்தோனியார் கோயில் கொடியேற்றம், கல்யாணம், கருமாதி, சங்கக் கூட்டம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் கத்துவது அவருடைய அதே நான்கு ஒலிபெருக்கிக் குழாய்கள்தான். ஆள் ஒல்லி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர் போட்டிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். வெயில் காலத்திலும் காதை மூடிய கம்பளித் தொப்பி. "காதுதாங்க நம்ம மொதலு. குளுரு ஏறிருச்சின்னா தொழில் போச்சு."

அவருடைய கடைக்கு எதிரே, மாடியில், எனக்கு வாடகை அறை. ஆகவே உலக விவகாரம் எதற்கும் நான் பத்திரிகை வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விடியற்காலையில் கைபேசியில் வெளிநாட்டுச் செய்திகளைக் கேட்டுவிடுவார். கடை திறந்ததும் அதைத் தன் வழியில் விநியோகிப்பார். பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் இராமையா ஒருநாள் கேட்டார்: "இத்தன நாடு கூடி உக்காந்திருக்கே, ஏன் அண்ணே ஒரு சண்டைய நிப்பாட்ட முடியல?"

"ஐ.நா. சபைன்னா என்னா? சாமி தூக்குற மாதிரிதான். ஊரு பூரா கூடியிருக்கும். ஆனா தண்டு புடிக்கிறது அஞ்சே பேரு. அதுல ஒருத்தன் தோள எடுத்துட்டான்னா சாமி நகராது. மத்தவங்க தேங்கா ஒடச்சிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

காலநிலை மாநாட்டுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அது லயத்துத் தண்ணீர்க் குழாயடி, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பொதுவான குழாயடி. "மேல் லயத்துக்காரன் பீப்பா பீப்பாயா ரொப்பிக்கிட்டான். இப்ப தண்ணி நூலு மாதிரி வருது. உடனே 'வாங்கப்பா, எல்லாருமாச் சேந்து சிக்கனமா இருப்போம்'ங்கறான். கீழ் லயத்துக்காரி வெறுங்கொடத்தோட நிக்கிறா. அவ எதைங்க சிக்கனம் பண்றது?"

எல்லாமே இப்படிச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 'எல் நினோ' என்பது ஸ்பெயின் நாட்டு மந்திரி என்று ஓராண்டுக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தார். தேயிலைக் கொழுந்து காய்ந்து தோட்டத்தில் வேலை நாள் குறைந்தபோதெல்லாம் அந்த மனிதனைப் பெயர் சொல்லித் திட்டினார். அப்படி ஓர் ஆள் இல்லை, அது கடல் சூடாவதற்கு வைத்த பெயர் என்று நான் சொன்னபோது, நம்பாமல் என்னைப் பார்த்தார். "ஆளே இல்லன்னா எதுக்குங்க சார் பேரு வச்சாங்க? கேஸு போட முடியாமப் பண்றதுக்கா?"

அம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் திருகின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். ஜெனுஷாவின் நகப்பூச்சால் வைத்தது. தேர்தல் காலத்தில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் திருகு அந்தப் புள்ளியைத் தாண்டாது. போன பிரதேச சபைத் தேர்தலில் போட்டியிட்ட பிரதாப் என்ற வாலிபர் ஆட்களோடு வந்து நின்று, "நமக்குக் கொஞ்சம் கூட்டி வைங்க அண்ணே" என்று கேட்டார்.

"தம்பி, ஜனநாயகம்னா எல்லாருக்கும் ஒரே சத்தம். கூட வேணும்னா வாயாலதான் கத்தணும்."

அதே தேர்தலில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரதாப்பின் கூட்டமும், அவரை எதிர்த்து நின்ற சுமனின் கூட்டமும் ஒரே மாலையில், கடைவீதியின் இரண்டு முனைகளில். சூசைரட்ணம் ஆளுக்கு இரண்டு குழாய் என்று பிரித்துக் கட்டினார். மழைத் தூறலில் அவசரமாக முடிச்சுப் போட்டதில் எங்கோ ஒயர் மாறிவிட்டது. இருவர் பேச்சும் நான்கு குழாய்களிலும் கலந்து வந்தது. "நாங்க வந்தா..." என்று ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில், "தனி வீடு, சொந்தக் காணி..." என்று மற்றவர் தொடர்ந்தார். "லயம் இல்லாத மலையகம்..." "...அதுதான் எங்க லட்சியம்!" கூட்டம் இரண்டு முனையிலும் கைதட்டியது. கடைசிவரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பேசிய இருவர் உட்பட. பிழையைக் கண்டுபிடித்த சூசைரட்ணம்தான் இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தார். ஒயர் மாறியதற்காக அல்ல. "மாறினதே தெரியல பாத்தீங்களா சார்" என்றார்.

சென்ற ஆண்டு கார்த்திகையில் மழை பிடித்தது. விடாத மழை. கிராம உத்தியோகத்தர், நாங்கள் ஜி.எஸ். என்று அழைக்கும் சிங்கள அதிகாரி, சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் ஓடிவந்தார். தோட்டத்தின் மேல் டிவிசன் லயங்களுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. குடும்பங்களை உடனே கீழே பாடசாலைக்கு இறக்க வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

சூசைரட்ணம் ஆட்டோவின் கூரையில் ஒரு குழாயைக் கட்டினார். பின் சீட்டில் பேட்டரியும் அம்ப்ளிஃபயரும். எனக்குக் கிடைத்த பதவி, அம்ப்ளிஃபயருக்குக் குடை பிடிப்பது. நான் நனைந்தால் பரவாயில்லை என்பது பேசாமலே முடிவாகியிருந்தது.

லயங்களுக்கு முன்னால் நிறுத்தி, அறிவிப்பை ஓதினார். கதவுகள் திறந்தன. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், சிலர் கையசைத்தார்கள். கதவுகள் மூடிக்கொண்டன.

வீரம்மா மட்டும் வாசலில் நின்றார். கொழுந்து பறிப்பவர், மாதர் சங்கத் தலைவி. அவருடைய குரலுக்குக் குழாய் தேவையில்லை.

"சூசண்ணே, முந்தின வருசமும் எறங்குங்கன்னீங்க. எறங்குனோம். ஸ்கூல்ல பாய விரிச்சிப் படுத்தோம். போட்டோ புடிச்சாங்க. புது வீடுன்னாங்க. மழ விட்டதும் மேல ஏறுங்கன்னாங்க. வந்து பாத்தா கோழி ஒன்னுகூட இல்ல. இப்ப மொதல்ல வீட்டக் காட்டுங்க. எறங்குறோம்."

"மினிஸ்சு யன்னே நே, ஐயே" என்று ஜி.எஸ். முணுமுணுத்தார். ஆட்கள் போகமாட்டார்கள் அண்ணே என்று அர்த்தம். சூசைரட்ணம் லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வடிகால் கானில் தண்ணீர் பால் தேநீர் நிறத்தில், சிறு கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது. தொப்பியைக் கழற்றிப் பிழிந்து, மறுபடி போட்டுக்கொண்டு மைக்கை எடுத்தார்.

"சரிங்க. இஷ்டமில்லாத ஆளுங்கள எறக்க நாம யாரு? ஓட்டுக்கு விட்டுருவோம். எறங்குறதா, வேணாமா? இந்த மழையில கைய எண்ண முடியாது. கீழ ஸ்கூல் மண்டபத்துல வச்சி எண்ணுவோம். வராதவங்க ஓட்டு எல்லாம் எறங்குற பக்கம் சேந்துரும். அப்பறம் சூச ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது."

பிறகு ஒருநாள், அந்தக் கடைசி விதி நியாயமா என்று அவரிடம் கேட்டேன். "அது மட்டும் ஜனநாயகம் இல்லீங்க சார். ஒத்துக்கிறேன்" என்றார்.

வீரம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஓடினார். ஒவ்வொரு கதவையும் தட்டினார். "ஒரு ஓட்டும் வீணாகக்கூடாது, வாங்கடி!" படுத்த படுக்கையாய் இருந்த ஒரு கிழவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள், அவர் கையை உயர்த்துவார் என்பதற்காக. கைக்குழந்தைகள் வந்தன. இந்த முறை கோழிகளும் வந்தன. ஜி.எஸ். காலையிலிருந்து செய்ய முடியாத வேலையை எதிர்க்கட்சி சற்று நேரத்தில் செய்து முடித்தது.

மண்டபத்தில் ஜி.எஸ். கைகளை எண்ணினார். முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை. 'வேணாம்' அமோகமாக வென்றது.

நான் சூசைரட்ணத்தின் முகத்தைப் பார்த்தேன். எண்ணிக்கையை மாற்றிச் சொன்னால் போதும், ஜி.எஸ்.ஸும் தலையாட்டியிருப்பார். சூசைரட்ணம் மைக்கை எடுத்து, "'வேணாம்'னவங்க ஜெயிச்சிட்டாங்க" என்று உள்ளதை உள்ளபடி அறிவித்தார்.

"கேட்டீங்கல்ல? வாங்க, மேல போவோம்" என்று வீரம்மா கிளம்பினார்.

"போலாம், போலாம். யாரு வேணாங்கறா? ஆனா கூட்டம் இன்னும் முடியலியே. வரவேற்புரையே நடக்கல. அது இல்லாம எடுத்த முடிவு செல்லாது."

முப்பது வருடமாகக் கூட்டங்களுக்கு ஒயர் இழுத்தவர். ஒரு கூட்டத்தை எப்படி முடிக்காமல் வைத்திருப்பது என்பதை அரசியல்வாதிகளிடமே கற்றிருந்தார். வரவேற்புரையை இழுத்தார். பிறகு மௌன அஞ்சலி. பிறகு தலைமையுரை. ஜி.எஸ். சிங்களத்தில் பேச, அதை ஒவ்வொரு வரியாக, இரண்டு மடங்கு நீளத்தில் மொழிபெயர்த்தார். பிறகு வெற்றி பெற்ற அணித் தலைவிக்குப் பொன்னாடை. பாடசாலை அதிபரின் மேசை விரிப்பை உருவி வீரம்மாவின் தோளில் போர்த்தினார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு மாலை கட்டிக் கொடுத்த வீரம்மாவுக்கு யாரும் எதையும் போர்த்தியதில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைவி உட்கார்ந்ததும் கூட்டமும் உட்கார்ந்தது.

கடைசியாக நன்றியுரை. அதையும் சூசைரட்ணமே எடுத்துக்கொண்டார். அதிபருக்கு நன்றி. கூரைத் தகரத்துக்கு நன்றி. பின்கட்டில் வேகும் சோற்றுக்கும் பருப்புக்கும் நன்றி, இதோ வந்துகொண்டிருக்கிறது, யாரும் எழும்ப வேண்டாம். உள்ளூரில் ஆள் தீர்ந்துபோனதும் வெளிநாட்டுக்குப் போனார்.

"இந்த மழைய நமக்கு அனுப்பி வச்ச பெரிய பெரிய நாடுகளுக்கும் நன்றி சொல்லணுங்க. கரிய எரிச்ச நாடுகளுக்கு நன்றி. எண்ணெய எடுத்த நாடுகளுக்கு நன்றி. மாநாட்டுக்கு வந்து, நம்ம தேயிலையில டீ குடிச்சிட்டு, அடுத்த வருசம் பாப்போம்னு போன நாடுகளுக்கும் நன்றி..."

பெண்கள் சிரித்தார்கள். யாரோ, "போதும் அண்ணே, சோறு எங்க?" என்று கத்தினார். ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்லத் தொடங்கி அவர் ஜெர்மனிக்கு வந்திருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஆயிரம் லொறி ஒரே நேரத்தில் கல் கொட்டுவது போல. தரை அதிர்ந்தது. சூசைரட்ணத்தின் கை முதலில் அம்ப்ளிஃபயர் பக்கம் போனது. தன் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார்.

ஜன்னலோரம் நின்றவர்கள் முதலில் பார்த்தார்கள். மேலே, லயங்கள் இருந்த இடத்தில், மலை சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. மண்டபத்தில் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. மேசை விரிப்பை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வீரம்மா சொன்னார்:

"நன்றியுரைய முடிச்சிராதீங்க அண்ணே."

அவர் முடிக்கவில்லை. தொண்டை கட்டும்வரை, பூமியில் இருக்கிற நாடுகளுக்கெல்லாம் நன்றி சொன்னார். சில பெயர்கள் நாடே இல்லை என்று எனக்குச் சந்தேகம்.

மேல் டிவிசனில் ஓர் உயிரும் போகவில்லை. வேறு மலைகளில் போயின. அந்த வாரம் முழுவதும் சூசைரட்ணம் கடையைத் திறந்தாலும் மைக்கைத் தொடவில்லை. பாராட்ட வந்தவர்களிடம், "ஓட்டுல தோத்துட்டேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் பாடசாலை மைதானத்தில் ஒரு விழா. காலநிலை மாற்றத்தைத் தாங்கி மீண்டெழுந்த சமூகத்தைப் பார்வையிட வெளிநாட்டுக் குழு ஒன்றும் கொழும்பு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். மீண்டெழுந்த சமூகம் இன்னும் மைதானத்து ஓரத்தில், கூடாரங்களில் இருந்தது. ஒலிபெருக்கி, சொல்லவே வேண்டாம், ஜெனுஷா சவுண்ட் சேர்விஸ். குழுத் தலைவர் பூமியின் சூடு ஒன்றரைப் பாகை செல்சியசுக்கு மேல் ஏறக்கூடாது என்றார். அதிகாரி ஒருவர் வீடுகள் பற்றிய ஆலோசனைகள் பரிசீலனையில் உள்ளன என்றார். தேசிய கீதம் முடிந்தது. வாகனங்கள் உறுமத் தொடங்கின.

அப்போது வீரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி மைக்கருகே போனார். "அம்மா, நிகழ்ச்சி முடிஞ்சிருச்சு, நேரம் இல்ல" என்று அதிகாரி மறித்தார். வீரம்மா அசையாமல் அங்கேயே நின்றார். மைக் கம்பம் அவருடைய தலைக்கு மேலே இருந்தது.

கடைசி ஆள் பேசி முடித்ததும் ஒயரைச் சுருட்டத் தொடங்குவது சூசைரட்ணத்தின் வழக்கம். அவர் மேடைக்கு வந்ததைப் பார்த்து, சாமான்களை எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று அதிகாரி வழிவிட்டார். சூசைரட்ணம் கம்பத்தின் நடுவில் இருந்த திருகைத் தளர்த்தினார். மைக்கை ஒரு கையால் பிடித்து மெதுவாக இறக்கி, வீரம்மாவின் வாய்க்கு நேரே வந்ததும் நிறுத்தி, திருகை இறுக்கினார்.