சத்தம் போடாத சப்பாத்து

தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் வெள்ளைக்காரக் கம்பனி ஒன்றின் கண்டிக் கந்தோரில் எனக்குக் கிளாக்கர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் வருடம், தீபாவளிக்கு ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து வாங்கினேன். அதுவரை செருப்புத்தான். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் அளவு பார்த்துத் தானே மாட்டிவிட்டார். தோல் அவ்வளவு மெத்து. காலில் ஏதோ இருக்கிறது என்பதே மறந்துபோய், வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை, கந்தோரின் பலகைத் தரையில் தேவையில்லாமல் இங்கும் அங்கும் நடந்தேன். பெரிய கிளாக்கர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்.

"தம்பி, திரும்ப ஒருக்கா நட பாப்பம்."

நடந்தேன்.

"சத்தத்தைக் காணேல்லையே! புதுச் சப்பாத்தெண்டால் கிறீச் கிறீச்செண்டு கத்த வேணுமெல்லோ?"

பக்கத்து மேசைக்காரர் குனிந்து பார்த்தார். "ஆரோ போட்டுக் கழிச்சதைப் பொலிஷ் பண்ணித் தந்திட்டான் போல கிடக்கு."

பெரிய கிளாக்கரின் சப்பாத்து, அவர் படியேறும்போதே கத்தும். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுப்போம். என்னுடையதற்கு யார் பேனா எடுப்பார்கள்? அந்த நிமிடத்திலிருந்து சப்பாத்து கடிக்கத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் சின்னவிரல் எரிந்தது.

மாலையில் கடைக்குப் போய் முறையிட்டேன்.

"மகன், தோல் நல்லாப் பதமாகி ஈக்குது, அதான் சத்தமில்ல," என்றார் பெரியவர். "நீங்க ஒங்கட காலுக்கு வாங்கினீங்களா, அவங்கட காதுக்கு வாங்கினீங்களா?"

காதுக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சப்பாத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே இருந்த தைப்பவரைக் கூப்பிட்டார். அவர் அடித்தோலைப் பிரித்து, நடுவில் காய்ந்த தோல் துண்டு வைத்துத் தைத்தார். வலது மசியவில்லை. இடதுதான் கத்தியது, அதுவும் வாத்துப் போல.

"இப்ப சரி. இது அசல் சீமைத் தோல்," என்றார் மறுநாள் பெரிய கிளாக்கர். சின்னவிரல் வலி அன்றோடு போயிற்று.

கொஞ்ச நாள் கழித்துக் கொழும்பிலிருந்து பெரிய துரை வந்தார். அவர் கேட்ட கடிதங்களை எடுத்துக்கொண்டு தரையைக் கடந்தேன். துரை நிமிர்ந்தார். "கந்தோருக்குள் வாத்தை விட்டது யார்?" என்று இங்கிலிசில் கேட்டார். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

பிறகு துரை எழுந்து வாசலுக்கு நடந்தார். அப்போதுதான் கவனித்தோம். லண்டனில் செய்த அந்தச் சப்பாத்தில் ஒரு முனகல்கூட இல்லை.

மறுநாள் கந்தோர் முழுக்க ஆமணக்கெண்ணெய் வாசனை. பெரிய கிளாக்கர் சப்பாத்தை எண்ணெயில் ஊறவைத்தே கொண்டு வந்திருந்தார். திரும்பும் இடத்தில் வழுக்கி, அலுமாரிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். நிமிர்ந்து நின்றதும் முதல் வார்த்தை, "நான் அண்டைக்கே சொன்னனான், சத்தமில்லாததுதான் அசலெண்டு!"

எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

சின்னவிரல் மறுபடி எரியத் தொடங்கியது. தைப்பவரிடம் திரும்பப் போனேன். அவர் துண்டை உருவி எடுத்தார், வாத்து போகவில்லை. கந்தோரில் இடதுகாலை மட்டும் நுனியில் ஊன்றி நடந்தேன். காலில் என்ன வாதமோ என்று பக்கத்து மேசைக்காரர் அனுதாபப்பட்டார்.

கடைசியில் பேராதனை வீதியில் ஒருநாள் நல்ல மழையில் மாட்டிக்கொண்டேன். சப்பாத்து ஊறி, காய்ந்து, தானாக வாயை மூடிக்கொண்டது. அதை நானே சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். கந்தோரில் யாரும் கவனிக்கவில்லை. அப்போது பக்கத்து மேசைக்காரர் புதுக்குடை வாங்கியிருந்தார். அதன் பிடி அசல் பிரம்பா இல்லையா என்று பெரிய வாக்குவாதம். என்னிடமும் நீட்டினார்கள். வாங்கி, வளைத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினேன்.

மனிதரின் முகம் வாடிவிட்டது.