இரண்டரை அடிச் சந்தும் ஒரு புகைப்பெட்டியும்

முப்பத்தோரு வருடம் அரசாங்க அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு விளக்குமாறுகூட வாங்க வராது. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. கொசுவலை வாங்கினாலும் மூன்று கடை. வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, எதில் எது உண்டு, எது இல்லை என்று எழுதிய பிறகுதான் பையை எடுப்பேன். என் மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வருடம் அப்படி அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பு இல்லாமல் போனது. ஏதோ ஒரு காய்ச்சல். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இருமல் கூடவே வந்தது, வாய் ருசி வரவில்லை. மூக்கும் அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் ஈரக் காகிதத்தை மெல்கிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டர், "மெதுவா வரும், சில பேருக்கு வராமலும் போகலாம். எப்படியாவது சாப்பிட வைங்க" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. அறுபத்திரண்டு வயதில் நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். காலையில் இட்லி, பதினோரு மணிக்குக் கஞ்சி, மத்தியானம் ஒரு குழம்பு, நடுவில் மாத்திரை, துணி, பாத்திரம். அலுத்துப்போனேன் என்று யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அலுத்துத்தான் போயிருந்தேன்.

ஒருநாள் ஞாபகப் பிசகில் ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். எனக்கு ஒரு வாய் வைத்ததும் குமட்டியது. நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் தட்டில் ஊற்றிய ரசத்தைக் குடித்து முடித்திருந்தாள். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இப்படியே உருகி உருகி ஒருநாள் இல்லாமலே போய்விடுவாளோ என்ற பயம். என்மேல் வந்த கோபத்தில் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். இனிமேல் முக்காலி போட்டு ஏறி, யோசித்துத்தான் உப்புப் போட வேண்டும் என்று எனக்கு நானே தண்டனை விதித்துக்கொண்டேன்.

என் சகலை பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அங்கேயே குடும்பம். குளிர் தாங்காமல் மார்கழியில் வந்து, பொங்கல் முடிந்ததும் போய்விடுவார். தன் வீட்டுத் தோட்டத்தில் செங்கல் வைத்து ஒரு ஸ்மோக்கர் கட்டியிருக்கிறார். ஒரு ஓரத்தில் நெருப்பு இருக்கும், மீன் நெருப்பில் படாது, மூடிக்குள் சுற்றுகிற புகையிலேயே மூன்று மணி நேரம் வேகும். பொங்கலுக்கு மறுநாள் எங்களைக் கூப்பிட்டிருந்தார். மரியாதைக்கு ஒரு துண்டு வாயில் போட்டாள் என் மனைவி. மென்றவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, இதுல என்னமோ தெரியுதுங்க."

"இன்னா தெரியுது?"

"தெரியல. ஆனா என்னமோ இருக்கு."

இன்னொரு துண்டு எடுத்தாள். அதற்கப்புறம் இன்னொன்று. சகலை, "வுவாலா!" என்று பிரெஞ்சில் கூவிக் கையைத் தட்டினார். நான் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து நாளில் அவர் விமானம் ஏறிவிட்டார். பூட்டிய வீட்டுத் தோட்டத்தில் போய் நாங்கள் மீன் சுட முடியாது. அப்படித்தான் நான் ஸ்மோக்கர் தேடக் கிளம்பினேன்.

எங்கள் வீடு மூலக்குளத்தில். முன்பக்கம் கிழக்கே வாசல், பின்பக்கம் மேற்கே கொஞ்சம் தோட்டம். இரண்டையும் சேர்க்கிறது பக்கவாட்டில் இரண்டரை அடிச் சந்து. காலையில் காற்று மேற்கிலிருந்து வரும், உச்சிக்குள் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பிவிடும். என் மனைவிக்குப் புகையின் ருசி வேண்டும், ஆனால் புகை மூக்கில் ஏறினால் அரை மணி நேரம் இருமுவாள். அப்படியென்றால் காலையில் அடுப்பு வாசலில் இருக்க வேண்டும், கடல்காற்று எழுந்ததும் நெருப்போடு அதைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். சக்கரம், அகலம், மூடி, கைப்பிடி. சந்தில் தண்ணீர் மோட்டார் துருத்திக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தால் கிடைத்தது இரண்டடிக்கும் குறைவு.

முதல் கொட்டேஷன் மெயின் ரோட்டுக் கடை. பளபளவென்று இருந்தது. சக்கரம் சூட்கேஸுக்கு வைக்கிற அளவு. எங்கள் சந்து மணலில் அது நாலடி நகராது. விற்கிற பையனிடம் சொன்னேன். "யாரும் நகத்த மாட்டாங்க சார், சும்மா ஒரு லுக்குக்குத்தான்" என்றான். இரண்டாவது, தட்டாஞ்சாவடியில் பழைய இரும்பு டிரம்மை வெட்டித் தருகிற ஒருவர். டிரம்மில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டேன். "எரிச்சா எல்லாம் போயிடும்" என்றார். இருமுகிறவளுக்கு அதில் சமைப்பதா? கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். வெயிலில் பஸ் ஏறி இறங்கி எனக்கும் கால் கெஞ்சியது. மூன்றாவது கொட்டேஷன் பாக்கி என்ற ஒரே காரணத்துக்காக அதே வரிசையின் கடைசிப் பட்டறைக்குப் போனேன். இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற ஒரு பாய். என் தாளை வாங்கி முழுதும் படித்தார்.

"விருந்துக்கா சார்? எத்தினி பேரு?"

"ஒருத்தருக்குத்தான் பாய்."

சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஸ்டூலைத் தள்ளி என்னை உட்காரச் சொன்னார்.

"புதுத் தகடுல பண்ணித் தர்றேன். பெயிண்ட் வேணாம். தள்ளுவண்டிக்குப் போடுற பெரிய ரப்பர் வீலு போட்டாத்தான் மணல்ல உருளும். மூடிய இறுக்கமா வெக்கிறேன், அம்மாவுக்கு இருமல்ன்றீங்க."

ஒரு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை வந்து எங்கள் சந்தை அவரே அளந்துகொண்டு போனார். பெட்டி வந்த அன்று, புதுத் தகட்டின் வாடை போக வெறும் நெருப்புப் போட்டு எரித்தோம். சந்துக்குள் தள்ளிப் பார்த்தேன். மோட்டாரில் உரசாமல் போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக எதையும் வாங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் வைத்திக்குப்பத்துக்குப் போய்க் கானாங்கெளுத்தி வாங்கி வந்தேன். ஆப்பிள் கட்டைதான் நல்லது என்று சகலை போனில் சொல்லியிருந்தார். மூலக்குளத்தில் ஆப்பிள் கட்டைக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து வீட்டில் வெட்டிப் போட்டிருந்த கொய்யாக் கிளை கிடைத்தது. அஞ்சறைப் பெட்டியை வாசலுக்கே எடுத்துவந்து, மீனுக்கு மஞ்சள், மிளகு, மிளகாய்த்தூள் தடவிக் கம்பியில் அடுக்கினேன். பதினொன்றரைக்குக் காற்று திரும்பியது. கைப்பிடியில் துணியைச் சுற்றிக்கொண்டு, புகையோடு பெட்டியைச் சந்து வழியாகத் தள்ளினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. தோட்டத்தில் நிறுத்திவிட்டுக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணிக்குத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். பின்கதவுக்கு உள்ளே நாற்காலியில் இருந்தாள். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். முகம் சுளித்தது. இதுவும் இல்லையென்றால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. என்னிடம் நாலாவது கொட்டேஷன் இல்லை.

"இன்னாங்க இது?" என்றாள்.

"நல்லா இல்லியா?"

"மீனுல உப்பே இல்ல. உப்பு போட்டீங்களா இல்லியா?"

நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். உப்பு இல்லை. ஒரு துளி இல்லை. அஞ்சறைப் பெட்டியில் உப்பு இருக்காது. அதற்குத் தனி ஜாடி, அந்த ஜாடியோ பரண்மேல். சக்கரத்துக்கும் மூடிக்கும் கட்டம் போட்டவன் உப்புக்குப் போடவில்லை.

"உப்பு இல்லைன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியாம? வாயில வெக்க முடியல. இவ்ளோ பெரிய வண்டி வாங்கத் தெரியுது, ஒரு கை உப்பு போடத் தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் சமையலறைக்குப் போய் முக்காலி போட்டு ஏறினேன். ஜாடியைக் கையில் எடுத்தேன். அங்கேயே, பரணைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதேன். ஏழு மாதத்தில் அவள் என் சமையலைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

"உப்பு எடுக்க எம்மா நேரம்? மீன் ஆறுதுங்க!"

"வந்துட்டேன்" என்றேன். இறங்கி ஒரு பிடி உப்பைத் தட்டில் எடுத்துக்கொண்டு, ஜாடியை அடுப்புக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனேன்.