காலிப் பெட்டி

அண்ணி எல்லைக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் அண்ணன் இருந்தான், அம்மா இருந்தாள், அம்மாவின் இடுப்பில் அண்ணியின் சின்னவள் இருந்தாள், பெட்டிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அண்ணியின் மூத்தவன், ஐந்து வயதுக்காரன், மட்டும் இல்லை. கருப்புத் தகரப் பெட்டி அது. மூடியின் மேல் அண்ணியின் பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு மாதமாக அதில் ஒன்றை அண்ணியும் மற்றதை அவனும் பிடித்துத்தான் அந்த நிறுத்தத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பெட்டியை அண்ணன் தோளில் சுமந்து வந்தான்.

வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அண்ணன் கரும்பு வெட்டுக்குப் போகிறவன். எங்கள் வீட்டில் பிறந்தவர்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணி கல்யாணத்துக்கு முன்பே துணை ராணுவத்தில் சேர்ந்துவிட்டவள். சென்னைப் பக்கத்து முகாமில் இருந்தவரை லீவு கிடைத்தபோதெல்லாம் வந்துபோனாள். அதற்கடுத்து வடகிழக்கு எல்லைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. பிள்ளைகளை அழைத்துப் போக முடியாத இடம். வேலையை விட்டுவிடலாமா என்று அவள் ஒரே ஒருமுறை கேட்டாள். அண்ணன் ஒழுகுகிற கூரையைப் பார்த்தான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கிளம்புவதற்கு முன் கிடைத்த ஒரு மாத லீவில் அண்ணி தன்னைத் தயார் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளைத்தான் தயார் செய்தாள். சின்னவளுக்குப் பால் மறக்கடிக்க மாரில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டாள். குழந்தை வாய் வைத்து, முகம் சுளித்து, அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வாய் வைத்தது. மூன்றாம் நாள் திரும்பிப் படுத்துக்கொண்டது. அண்ணி சுவர் பக்கம் திரும்பி நெடுநேரம் ரவிக்கையின் ஊக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். ‘நீதான படிச்சவன். இம்மாந்தூண்டு புள்ளைங்கள வுட்டுட்டுப் போனா தாய மறந்துடுங்களா இன்னா?’ என்று அம்மா என்னைக் கேட்டாள்.

மூத்தவனுக்கு அண்ணி வேறு வழி வைத்திருந்தாள். ஒத்திகை. சீருடை போட்டுக்கொண்டு, காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நிஜமாகவே பஸ் ஏறிவிடுவாள். அடுத்த நிறுத்தமான ஏரிக்கரையில் இறங்கி, புளியமரத்தடியில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புவாள். பிறகு அரை நாள் ஆயிற்று. பிறகு சாயங்காலம் வரை ஆயிற்று. பயிற்சியில் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்களாம், பிரிவையும் அப்படிப் பழக்கிவிடலாம் என்றாள். ‘காலையில எல்லைக்குப் போனவ சாயந்தரம் கொழம்பு வைக்க வந்துட்டாடீ’ என்று குழாயடியில் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டே, ‘சண்ட சீக்கிரம் முடிஞ்சிடுச்சிக்கா’ என்று குடத்தை வைத்தாள்.

முதல் தடவை பையன் மண்ணில் புரண்டு அழுதான். இரண்டாம் தடவை வாந்தி எடுத்தான். மூன்றாம் தடவையிலிருந்து அழவே இல்லை. தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியைச் சுமந்து வந்து, பஸ் கிளம்பும்போது சிரித்தபடி கையாட்டினான். ‘பாத்தீங்களா, பழகிட்டான். எம்புள்ள கெட்டி’ என்று அண்ணி எல்லோரிடமும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் வாடியிருந்ததையும் பார்த்தேன்.

அவன் பழகவில்லை. வாந்தி எடுத்த அன்று அவன் அழுகை தாங்காமல் அண்ணன் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், ஏரிக்கரை வளைவில் நிறுத்தி, மரத்தடியில் இருந்தவளைத் தூரத்திலிருந்து காட்டியிருக்கிறான். ‘பாரு, ஒங்கம்மா எங்கியும் போவல. இங்கதான் எறங்கும். அம்மாகிட்ட சொல்லாத’ என்றிருக்கிறான். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நிஜமாகக் கிளம்புகிற நாள் காலையில் பையன் வழக்கம்போல வந்து தன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பெட்டி அசையவில்லை. இன்னொரு முறை, இரண்டு கையாலும் இழுத்தான். எங்களை ஒருமுறை பார்த்தான். கொல்லைப் பக்கமாகப் போனான், ஒன்றுக்குப் போகிறான் என்று நினைத்தோம். பஸ் நேரம் நெருங்கியபோது அவனைக் காணோம். மரவள்ளிக் கொல்லை, பால்வாடி, மாட்டுக் கொட்டகை எல்லாம் தேடினோம். பஸ் வந்துவிட்டது. அந்த பஸ்ஸை விட்டால் கள்ளக்குறிச்சியில் சென்னை வண்டி கிடையாது, சென்னையில் அவள் படை ஏறும் ரயில் கிடையாது. கண்டக்டர் இரண்டு முறை விசில் கொடுத்தார். அண்ணி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஊரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் இருந்த காலையும் எடுத்துக்கொண்டாள்.

பஸ் போன பிறகுதான் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு பைக்கை எடுத்தான். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் பையன் நின்றிருந்தான். கொல்லை வழியாகக் குறுக்கே நடந்து, பஸ்ஸுக்கு முன்பே வந்துவிட்டிருக்கிறான். காலெல்லாம் நெருஞ்சி முள். இறங்க யாரும் இல்லாததால் பஸ் அங்கே நிற்கவில்லை.

‘அம்மா சன்னலாண்டதான் ஒக்காந்துனு இருந்துச்சி சித்தப்பா. மூஞ்ச மூடிக்கினு இருந்துச்சி. எறங்கல’ என்றான்.

கள்ளக்குறிச்சி வரும் வரை கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை என்று அண்ணி அன்று மாலை போனில் சொன்னாள். பையன் எங்கே இருந்தான் என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னால்தான் விளையாடிக்கொண்டிருந்தான் என்றான் அண்ணன். இன்றுவரை அதுதான் அவளுக்குத் தெரியும். பையனிடம் போனைக் கொடுத்தால் காதில் வைத்துக்கொள்வான், பேசமாட்டான். இன்னும் கோபமா என்று அவள் கேட்பது எனக்கும் கேட்கும்.

போன மாதம் லீவில் வந்தாள். சின்னவள் என் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோல எட்டிப் பார்த்தாள். பையன் நேராகப் பெட்டியிடம் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். ஸ்வெட்டர்களும் பொம்மைகளுமாக அவனுக்கென்றே அடைத்துக் கொண்டுவந்திருந்தாள், கனத்தது. கைப்பிடியை விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.

திரும்பிப் போகும் நாளில் அதே நிறுத்தத்தில் அதே ஆட்கள் நின்றோம். பையன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான், தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் ஏரிக்கரையில் நிற்காமல் போகும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அண்ணியின் சம்பளத்தில் கூரைக்கு ஓடு போட்டாயிற்று, நான் டிகிரி முடித்துவிட்டேன், வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லை. இத்தனைக்கும் எங்களுக்குச் செலவானது, அடுத்த நிறுத்தத்தில் அம்மா இறங்குவாள் என்று முள்ளில் நடந்து போய் நின்ற ஒரு பிள்ளை.