பதினான்காம் நேர்காணல்

துனீசியத் தெற்கில் எங்கள் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் மப்ரூக்கா பத்தொன்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தார். கோடையில் எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் லாரி போகும் என்னும் பட்டியலைத் தட்டச்சு செய்பவர் அவரே. கணவர் ஹம்மாதி முதுகு ஒடிந்து படுத்த பிறகு வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் அவருடையது.

நகராட்சித் தலைவர் தனக்கு வேண்டியவர்களுக்காக அப்பட்டியலை வாய்மொழி உத்தரவால் மாற்றுவதை அவர் என்னிடம் விவரித்தார். உள்ளாட்சித் தலைமை பற்றிய என் ஆய்வேட்டுக்காக முப்பத்தொரு பேரிடம் பேசியிருந்தேன். எல்லோருடைய பெயரையும் நீக்கினேன். ஆனால், பின்னிணைப்பில் ஒவ்வொரு நேர்காணலின் தேதியையும் நேரத்தையும் பிழையின்றிப் பதிந்தேன். முறையான ஆய்வுக்கு அது அவசியம் என்று நம்பினேன்.

ஆய்வேடு வெளியானதும் நகராட்சியின் தலைமை எழுத்தர் லஸ்ஹர் அந்தப் பின்னிணைப்பை அலுவலக அனுமதிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். பதினான்காம் நேர்காணல்: மார்ச் 12, காலை பத்து முதல் பதினொன்றரை வரை. அந்த நேரத்தில் வெளியே சென்றவர் ஒருவர்தான். வியாழக்கிழமை விசாரணை என்று மப்ரூக்காவுக்கு ஓலை வந்தது.

நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். வழக்கம்போல் ரொட்டியும் ஹரிஸா மிளகாய் விழுதும் என் முன்னால் வைத்தார்.

"பேரப் போடமாட்டேன்னு சொன்னியே, மகளே?"

"போடலையே, சின்னம்மா."

"பேரப் போட்டிருந்தாக்கூட தப்பிச்சிருப்பேன். இந்த ஊர்ல நாலு மப்ரூக்கா இருக்கோம். நீ கடிகாரத்தையில்ல போட்டுட்ட!"

படுக்கையிலிருந்து ஹம்மாதி சிரித்தார். "லஸ்ஹர் பள்ளிக்கூடத்துல ஒரு புத்தகமும் முடிச்சதில்ல. உன்னோடத மட்டும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கான். பெருமைப்பட்டுக்கோ!"

மப்ரூக்கா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தேதி தப்புன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு. இந்த வேலை போனா இவருக்கு மருந்து இல்ல."

எழுதினேன். என் கையால் நான் எழுதிய முதல் பொய்ப் பதிவு அது.

விசாரணை அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "முப்பது தேதி சரி, இது ஒண்ணு மட்டும் தப்பா? உங்க நேர்காணல் குறிப்பேட்டைக் காட்டுங்க. இல்லன்னா ஆய்வேடே பொய்யின்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதுவேன்."

குறிப்பேடு என் பைக்குள் இருந்தது. அதிலும் மார்ச் 12 என்றே எழுதியிருந்தேன்.

மப்ரூக்கா எழுந்தார். "அவள விடுங்க சார். அவ தேதியத் தப்பா எழுதுறவ இல்ல. சொன்னது நான்தான். லாரி யார் வீட்டுக்குப் போச்சுன்னு இப்பவும் சொல்றேன், எழுதிக்குங்க."

அதிகாரி எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கோப்பை மூடினார்.

திங்களன்று பணிநீக்க ஆணை வந்தது. பின்னிணைப்பை நீக்கக் கோரிய என் மனு பல்கலைக்கழகத்தில் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. புதிய எழுத்தர் தட்டச்சு செய்த இந்த வாரப் பட்டியலில் மப்ரூக்காவின் தெரு இல்லை.