ஆறாவது டிக்கெட்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், எனக்கு ஓடத் தெரியாது என்பது எனக்கே தெரியாது. போலீஸ் வேலைக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்றார்கள். ஏழு நிமிடம் என்பது சும்மா உட்கார்ந்திருந்தாலே நீளமான நேரமாயிற்றே, அதற்குள் முடியாதா என்று நினைத்தேன். முதல் நாள் எட்டு நிமிடம் ஐம்பது நொடி ஆனது. முடித்ததும் வேலிக்காத்தான் புதர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஏரிக்கரைக்குக் கீழே பள்ளிக்கூட மைதானம். காலை ஐந்தரை மணிக்கு ஆறு பேர் அங்கே ஓடினோம். அந்த ஆறு பேரில் எங்களை ஓட்டியவன் மற்றவர்களைவிட நான்கு வயது பெரியவன். முந்தைய தேர்வில் கயிறு ஏறும்போது கை நழுவி வெளியே வந்தவன். கேப்டன் என்று கூப்பிடுவோம். மைதானத்தை டேப் வைத்து அளந்து, ஒரு சுற்று இருநூற்றைம்பது மீட்டர் வருகிற மாதிரி சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருந்தான். ஆறு சுற்று ஓட வேண்டும்.

கேப்டன் ஒரு சட்டமும் வைத்திருந்தான். கடைசியாக வருகிறவன் பெயர் கடைசி பஸ். அவன் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முன்னால் வந்தவர்கள், வந்த வரிசைப்படியே, ஆளுக்கு ஒரு டிக்கெட் கிழிப்பார்கள். டிக்கெட் என்றால் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வைத்திருந்த வாரால் கெண்டைக்காலில் ஒரு அடி. ரப்பர் அடி தோலோடு நிற்காது. குளிக்கும்போது தண்ணீர் பட்டால் தெரியும், எது யாருடையது என்று.

இரண்டு மாதம் நான்தான் கடைசி பஸ். தினமும் ஐந்து டிக்கெட். வீட்டில் பேன்ட் போட்டே திரிந்தேன். அப்பா எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டால் ஏழு பத்து என்றேன். பிறகு ஏழு என்றேன். பிறகு ஆறு ஐம்பது என்று சொல்ல வேண்டியதாயிற்று, ஏனென்றால் பொய்யும் முன்னேற வேண்டுமே. உண்மையில் எட்டு பத்துக்குக் கீழே நான் வரவில்லை. தினமும் முதல் சுற்றிலேயே எல்லாருக்கும் முன்னால் பாய்வேன். மூன்றாவது சுற்றில் நெஞ்சு அடைக்கும். ஒரே வாரத்தில் ஏழு நிமிடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்தான். எங்கள் ஊர்க் காலனிப் பையன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு தார் ரோடும் ஒரு தண்ணீர் டேங்கும் இருக்கின்றன. அவனுடைய அம்மா எங்கள் நிலத்தில் நாற்று நடவும் களை எடுக்கவும் வருகிறவர். அவனும் நானும் ஒரே வருடம் பன்னிரண்டு முடித்தவர்கள். மைதானத்தின் ஓரமாக நின்று, தானும் ஓடலாமா என்று கேப்டனைக் கேட்டான். ஓட்டத்துக்கு யாரைக் கேட்க வேண்டும், வா என்றான் கேப்டன். சட்டத்தையும் சொன்னான். அவன் தலையாட்டினான்.

என்னிடம் அவன் 'நீ' என்றும் பேசமாட்டான், 'நீங்க' என்றும் பேசமாட்டான். ஆரம்பிக்கலாமா, போலாமா, தண்ணி வேணுமா என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பேசுவான். அதை அப்போது நான் கவனித்தேன், யோசிக்கவில்லை.

செருப்பில்லாமல் ஓடினான். முதல் நாள் ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் ஆனது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பின்னால் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அவன் வந்து சேரும் வரை காத்திருந்த அந்தச் சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. அவன் குனிந்து நின்றான். ஐந்து பேர் அடித்த பிறகு டியூப் என் கைக்கு வந்தது. அடிக்கிற கையாக நான் இருந்ததே இல்லை. கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் அடித்தேன். அவன் ஒரு கால் மடங்கி, மறுபடியும் நேராக நின்றான். மெதுவாடா என்று கேப்டன் சொன்னான். மறுநாளும் அப்படித்தான் அடித்தேன். ஆறு அடிகளில் என்னுடையதுதான் பலமானது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

பத்தாவது நாள் அவன் வரவில்லை. நான் மறுபடியும் கடைசி பஸ். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாவது நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தெருவுக்குள் அதற்கு முன்னால் நான் போனதில்லை. ஆள் கூப்பிட வருகிறபோதுகூட அப்பா டேங்க் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திக் குரல் கொடுப்பார். அவனுடைய அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவன் கட்டடச் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான். முட்டிக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறதாம், ஓட்டம் தனக்குச் சரிவராதாம். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

நான் அவனைத் திரும்பக் கூட்டிவரப் போயிருந்தேன். அக்கறையினால் அல்ல. எனக்குப் பின்னால் ஓட ஒரு ஆள் வேண்டும். ஆனால் அவன் திரும்பி வந்து முன்னேறியும் விடக்கூடாது. அதற்கு ஒரு வழியை யோசித்து வைத்திருந்தேன். புதிதாக ஓடுகிறவர்களுக்கு என்று யாரோ ஒரு டாக்டர் பேசிய வீடியோவைப் போனில் பார்த்திருந்தேன். மெதுவாக ஓடுங்கள், பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு மெதுவாக. மூச்சு வாங்கினால் நடங்கள். வலித்தால் இரண்டு நாள் விடுங்கள். மூன்று மாதத்துக்குக் கடிகாரத்தையே பார்க்காதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். சென்னையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பீச்சில் ஓடுவதற்குச் சொல்லும் அறிவுரை என்று நான் சிரித்துவிட்டுத் தள்ளிவிட்டிருந்தேன். இவனைக் கடைசியிலேயே வைத்திருக்க இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று தோன்றியது.

அப்படியே ஒப்பித்தேன். காலையில் எங்களோடு ஓடும்போது முக்க வேண்டாம், கடைசியாகவே வா, அடி விழுந்தால் விழட்டும். சாயங்காலம் ஏரிக்கரையில் தனியாக மெதுவாக ஓடு, பொறுமைதான் முக்கியம் என்றேன். இது எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவன் கேட்டான். கோச் ஒருத்தர் என்றேன்.

அவனுடைய அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி வூடு தேடி வந்து சொல்லிக்கினு கீதே, போய்ப் பாருடா" என்றார். அந்தத் தெருவில் எங்கள் வீட்டுப் பெயருக்கு இருந்த மதிப்பை நான் என் கெண்டைக்காலுக்காகச் செலவு செய்தேன்.

இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு அவன் வந்தான். சொன்னபடியே கடைசியாக வந்தான், சொன்னபடியே ஆறு டிக்கெட் வாங்கினான். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நான்கு மாதம் அப்படியே போயிற்று. சாயங்காலம் மோட்டார் போடப் போகும்போது கரைமேல் அவன் ஓடுவதைப் பார்ப்பேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது. மாடு ஓட்டிப் போகிறவன் நடை மாதிரி இருக்கும். பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்று நான் சொன்னதற்காகப் பொது அறிவுப் புத்தகத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டே போவான். கேள்வியும் அவனே, பதிலும் அவனே. பதில் சொல்ல மூச்சு இல்லையென்றால் நடப்பான். இதைக் காலையில் மற்றவர்களுக்கு நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள்.

எனக்கு இடது கால் முன்னெலும்பில் வலி வந்திருந்தது. விரலால் அழுத்தினால் ஓர் இடத்தில் உயிர் போகும். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். ஒரு நாள்கூட விடவில்லை. ஏழு நாற்பதில் வந்து நின்றுவிட்டேன். அதற்குக் கீழே என்ன செய்தும் இறங்கவில்லை.

எழுத்துத் தேர்வில் நாங்கள் இருவருமே தேறினோம். அவன் மதிப்பெண் என்னுடையதைவிட நிறைய அதிகம்.

ஓட்டத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒருநாள் காலை, நான்காவது சுற்றில், வழக்கமாகப் பின்னால் தூரத்தில் கேட்கிற அவனுடைய காலடிச் சத்தம் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. வேகமாகப் போனேன். அதே தூரத்தில் வந்தான். ஆறாவது சுற்றில் தென்னை மரத்துக்குப் பக்கத்தில் என்னைத் தாண்டினான். தாண்டும்போது என் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுபது எண்பது அடி பின்னால் வந்து சேர்ந்தேன். கேப்டன் போனைப் பார்த்து அவன் நேரத்தைச் சொன்னான். ஏழு நிமிடம் முப்பத்து நான்கு நொடி.

குனிந்து நின்றேன். ஐந்து டிக்கெட் விழுந்தன. ஐந்தாவது பையன் அடித்து முடித்து டியூபை அவனிடம் நீட்டினான். நான் குனிந்திருந்ததால் எனக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. செருப்பில்லாத அந்தக் கால்கள் ஓரடி முன்னால் வந்தன. கேப்டனின் ஷூ குறுக்கே வந்தது.

"போதும்டா. டைமாச்சு" என்றான் கேப்டன்.

பிறகு அவன் குரல் கேட்டது. "அண்ணா, என்னுது ஒண்ணு பாக்கி கீது."

"அதெல்லாம் வேணாம். இன்னையோட டிக்கெட்டை வுட்டுட்டோம். செலக்சன் வருது, கால்ல அடிச்சுக்கினு இருந்தா இன்னாத்துக்கு ஆவும்."

யாரோ ஒருவன் லேசாகச் சிரித்தான். ஆறு மாதமாக எங்கள் யாருக்கும் தோன்றாத நியாயம் அந்த ஒரு நொடியில் கேப்டனுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று அங்கே நின்ற ஏழு பேருக்கும் தெரியும். ஊர்ப் பையனைக் காலனிப் பையன் அடித்தான் என்று மதியத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடும். அவன் அடிபட்ட நாட்களில் அந்தப் பேச்சு எங்கேயும் போகவில்லை.

நான் நிமிர்ந்து, அவன் அடிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கால், என் அடி. நான் சொன்னால் கேப்டனால் மறுக்க முடிந்திருக்காது. ஆனால் ஆறாவது அடி விழவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டியைப் பிடித்தபடியே, அந்தக் கால்கள் திரும்பிப் போகும்வரை குனிந்தே நின்றேன்.

அதன் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவும் போகவில்லை.

ஓட்டத் தேர்வில் எனக்கு ஏழு நிமிடம் முப்பத்திரண்டு நொடி. கடைசிச் சுற்றில் இடது காலை ஊன்ற முடியவில்லை. காஞ்சிபுரத்தில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், எலும்பில் மயிரிழை விரிசல், பல வாரமாக இருந்திருக்கும், எப்படி ஓடினாய் என்று கேட்டார். ஆறு ஐம்பது ஓடுகிற பையன் எப்படித் தோற்றான் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எவனோ காசு கொடுத்து உள்ளே போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அவன் ஆறு நிமிடம் நாற்பதுகளில் ஓடி, கயிறும் ஏறி, வேலைக்குப் போனான்.

அடுத்த நடவுக்கு அவனுடைய அம்மா வந்தார். வரப்பில் நான் கால் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நீங்க அன்னிக்கு வந்து சொல்லலன்னா அவன் சென்ட்ரிங்கே அடிச்சுக்கினு இருந்திருப்பான் தம்பி. ஒங்க வாயால வந்த பொழப்பு அது" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் பரவாயில்லை என்று சொன்னேன். உண்மையில் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக எனக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். நீ கடைசியாகவே இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், நல்லது என்று நினைத்துச் சொல்லவில்லை, என்னை மன்னித்துவிடு என்று. போன வருடம் உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவனைப் பார்த்தேன். லீவில் வந்திருந்தான். உடம்பு இறுகி, முடி ஒட்ட வெட்டி, வேறு ஆளாக இருந்தான். கடையில் கரண்ட் போயிருந்ததால் இருவருமே காத்திருக்க வேண்டியிருந்தது. வேறு யாரும் இல்லை. கடைக்காரப் பெண் போனில் பேசிக்கொண்டு வெளியே நின்றிருந்தார்.

சொல்லிவிட்டேன். தயார் செய்த வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல்.

அவன் கேட்டுவிட்டு, "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றான். நான் சொன்னதை யாருடைய போனிலோ தேடி, அவனும் அந்த வீடியோவைப் பார்த்தானாம். நான் இளித்துக்கொண்டு சொன்ன விதத்திலேயே சந்தேகம் வந்ததாம். ஆனாலும் டாக்டர் சொன்னது சரியாகப் பட்டது, அதனால் ஓடினேன் என்றான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்த மாதிரி தெரியவில்லை.

பிறகு என்னை நேராகப் பார்த்து, முதல் தடவையாக 'நீ' என்று பேசினான்.

"அன்னிக்கு டியூபை என் கைல தராம வாங்கிக்கினாங்களே. அப்ப நீ ஏன் ஒண்ணும் பேசல?"

அதற்கு என்னிடம் பேச்சு எதுவும் தயாராக இல்லை. அந்த நாளை நான் என் குற்றக் கணக்கில் எழுதியே வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடி வாங்கப் பயந்தேன் என்று சொன்னேன்.

"என் அடிக்கு மட்டுமா?" என்றான்.

கரண்ட் வந்தது. பெண் உள்ளே வந்து அவனுடைய தாள்களை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, கவரில் வைத்தான். போய்வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். எனக்கு எத்தனை காப்பி வேண்டும் என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.