எல்லைக்கல்லுக்கு நேரே நின்ற படகு

"செவ்வாய். காலை பதினொன்றுக்கு வத்தம். படகு தெற்கே திரும்பிவிட்டது. வடக்கு ஊர் விஏஓ வந்தார். கரையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்."

டீசல் வாடை இன்னும் போகாத அப்பாவின் குறிப்பேட்டில் உள்ள வரிகள் இவை. வத்தம் என்றால் கடல்நீர் வற்றி இறங்கும் நேரம். அவர் கிழமை எழுதுவார், ஆண்டு எழுதமாட்டார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது என்பதால் ஆண்டை நானே குறித்துவைத்திருக்கிறேன்.

மாமல்லபுரத்தை ஒட்டிய உப்புநீர்க் கால்வாயில், ஒப்பந்தக்காரர் ஒருவர் பாதியில் விட்டுப்போன தூர்வாரும் படகில் அப்பா என்ஜின் டிரைவர். ஆளில்லாத படகில் ஒரு போல்ட்டுகூட மிஞ்சாது என்பதால் எங்களை அதிலேயே "காவல் குடி" இருக்கச் சொன்னார்கள். என்ஜினுக்கு மேலிருந்த தகரக் கூண்டில் அப்பா, அம்மா, நான். சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தம் காலையிலேயே தண்ணீர்மேல் வந்துவிடும். கரையோரம் வரும் சுற்றுலாப் பயணிகள் எங்கள் துணிக்கொடியைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தரத்தான் ஆளில்லை.

நகரப் பள்ளியில் என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க இருப்பிடச் சான்று கேட்டார்கள். "போட்டுன்னுலாம் எழுத முடியாதும்மா, ஊர் பேரு வேணும்" என்றார் பள்ளி எழுத்தர்.

ஊர்ப் பெயரில்தான் சிக்கல். இரண்டு கிராமங்களைப் பிரிக்கும் எல்லைக்கல் கரையில் நின்றது; அதற்கு நேரே எங்கள் நங்கூரம் கிடந்தது. கடல்நீர் ஏறும்போது படகு வடக்கு ஊரில் நிற்கும், வற்றும்போது சுற்றிக்கொண்டு தெற்கு ஊருக்குப் போய்விடும். சான்று எழுத வேண்டியவர் அந்தந்த ஊரின் விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். வடக்கு ஊர் அலுவலர் வற்றும் நேரத்தில் வந்து, எங்கள் "வூடு" தன் எல்லையில் இல்லை என்று திரும்பினார். அவர் மறுபடி வருவார் என்று நம்பிய அப்பா, அந்த வாரமே பின்பக்கத்தில் இரண்டாவது நங்கூரம் போட்டுப் படகை வடக்கிலேயே நிறுத்திவைத்தார். வந்தவரோ தெற்கு ஊர் அலுவலர். படகு அசையாமல் வடக்கில் நிற்பதை அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அம்மா படகின் விளிம்புக்கு வந்து கேட்டாள்: "மாடு எந்தப் பக்கம் மேஞ்சா இன்னா சார், முளைக்குச்சி அடிச்ச எடம்தானே அதுக்கு ஊரு? நங்கூரம் அந்தக் கல்லுக்கு நேராத்தான் கீது. யாராவது ஒருத்தர் எழுதுங்க. பொண்ணு படிக்கணும்."

"கல்லுக்கு நேரான்னா எப்டிம்மா எழுதறது? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். இருவரில் ஒருவர்கூடப் படகில் கால் வைக்கவில்லை. எங்கள் அடுப்பையோ பாயையோ ஆணியில் தொங்கிய என் பள்ளிப் பையையோ பார்க்காமலேயே, நாங்கள் எங்கும் இல்லாதவர்கள் என்று இரண்டு அலுவலகங்கள் முடிவு செய்தன.

அந்த ஓராண்டு நான் பள்ளிக்குப் போகவில்லை. மறு கோடையில் ஊருக்குள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். அதற்குக் கதவு எண் இருந்ததால் சான்று உடனே கிடைத்தது. வகுப்பில் என்னைவிடச் சிறியவர்கள், "இன்னாடி, பெயிலா?" என்றார்கள். எல்லாப் பாடத்திலும் தேறியவள் நான். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை; ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

போன மாதம் அங்கே போனேன். படகை எப்போதோ உடைத்து இரும்புக்கு எடுத்துவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தியதில் எல்லைக்கல்லும் போய்விட்டது. எங்களுக்குச் சான்று மறுத்த கோப்பைக் கேட்டு இரண்டு அலுவலகங்களிலும் மனு கொடுத்தேன். அவ்வளவு பழைய கோப்பு இல்லை என்று இருவரும் எழுதினார்கள். இந்த முறை இருவர் பதிலும் ஒன்றாக இருந்தது.

ஆறாம் வகுப்பில் சேர அப்படியொரு சான்று அந்நாளிலேயே தேவைப்படவில்லை, பள்ளி தானாகக் கேட்டிருக்கும் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அண்மையில் என்னிடம் சொன்னார். அவர் நினைவிலிருந்து சொன்னது அது. அந்த ஆண்டின் சேர்க்கை விதிகளை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே இதை உறுதிசெய்யப்படாத தகவலாகவே இங்கே எழுதிவைக்கிறேன்.